செல் சவ்வுப் புரதங்களும் உயர்தெளிவு நுண்ணோக்கிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செல்லின் வெளிச்சவ்வில் இருக்கும் புரதங்களை நுண்ணோக்கியில் பார்க்கும் வேலையில் சில ஆண்டுகள் இருந்திருக்கிறேன். முதுகலை மாணவர்களும் புதிதாக ஆய்வில் சேர்ந்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கருவியைப் பற்றித்தான் எல்லோரும் நிறையக் கேட்கிறார்கள். மாதிரியைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. ஆனால் தவறு நடப்பது பெரும்பாலும் மாதிரியில்தான் என்பதால் அதற்கு இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

சவ்வுப் புரதங்களுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

செல்லுக்குள் எது நுழையலாம், எது வெளியேறலாம், வெளியே நடப்பதை உள்ளே யார் சொல்வது என்பதையெல்லாம் பார்த்துக்கொள்பவை இவை. ரத்தத்தில் இருக்கும் இன்சுலின் தன் செய்தியைச் சொல்ல செல்லுக்குள் போக வேண்டியதில்லை. சவ்வில் நிற்கும் இன்சுலின் ஏற்பியில் வந்து ஒட்டினால் போதும், மீதியை அந்த ஏற்பி உள்ளே கடத்திவிடும். கொரோனா வைரஸ் நம் செல்லுக்குள் புகுந்ததும் ஏசிஇ2 என்ற சவ்வுப் புரதத்தைப் பிடித்துக்கொண்டுதான். மனித மரபணுக்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு சவ்வுப் புரதங்களுக்கானவை. இன்று பயன்பாட்டில் இருக்கும் மருந்துகளில் பாதிக்கு மேல் போய் ஒட்டுவதும் இவற்றில்தான்.

சாதாரண நுண்ணோக்கியில் இவை ஏன் தெரிவதில்லை?

ஒளி ஓர் அலை. எவ்வளவு நல்ல லென்ஸ் போட்டாலும் ஒரு புள்ளியின் ஒளி புள்ளியாகவே வந்து விழாது, சற்றுப் பரந்த வட்டமாகத்தான் விழும். பள்ளியில் விளிம்பு விளைவு என்று படித்தது இதைத்தான். ஜெர்மனியின் யேனா நகரில் இருந்த எர்ன்ஸ்ட் அபே 1873-ல் இதற்கு ஒரு கணக்குச் சொன்னார்: அலைநீளத்தில் ஏறக்குறைய பாதிக்கும் குறைவான இடைவெளியில் இரண்டு பொருள்கள் இருந்தால் அவற்றைத் தனித்தனியாகப் பார்க்க முடியாது. கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு அது சுமார் 200 நானோமீட்டர்.

இப்போது சவ்வின் அளவைப் பாருங்கள். அதன் தடிமன் 5 நானோமீட்டருக்குப் பக்கம். ஒரு புரதத்தின் அகலமும் பெரும்பாலும் 10 நானோமீட்டருக்குள் அடங்கிவிடும். அப்படியானால் நுண்ணோக்கியில் நீங்கள் பார்க்கும் ஒரே ஒரு ஒளிப்பொட்டுக்குள் நூற்றுக்கணக்கான புரதங்கள் நெருக்கியடித்து நிற்கலாம். யார் யாருக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள் என்பதுதான் நமக்கு வேண்டிய விவரம். அது அந்தப் பொட்டுக்குள் கரைந்துபோகிறது.

எலக்ட்ரான் நுண்ணோக்கி அணுக்களையே காட்டுகிறதே, அப்புறம் ஒளி எதற்கு?

நல்ல கேள்வி. ஒரு புரதத்தின் உருவம் வேண்டுமென்றால் க்ரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு இணையாக இன்று வேறொன்றைச் சொல்வது கடினம். 1975-லேயே ரிச்சர்ட் ஹெண்டர்சனும் நைஜல் அன்வினும் பாக்டீரியோரொடாப்சின் என்ற சவ்வுப் புரதத்தின் முப்பரிமாண வடிவத்தை 7 ஆங்ஸ்ட்ராம் (ஒரு நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் ஓர் ஆங்ஸ்ட்ராம்) தெளிவில் எடுத்துக் காட்டினார்கள். மிளகாயின் காரத்தையும் சூட்டையும் உணரும் டிஆர்பிவி1 கால்வாயின் வடிவம் 2013-ல் 3.4 ஆங்ஸ்ட்ராமில் வந்தபோது துறையே திரும்பிப் பார்த்தது. 2020-ல் காபா-ஏ ஏற்பி ஒன்றின் வடிவம் 1.7 ஆங்ஸ்ட்ராம் வரை போய்விட்டது.

ஆனால் இந்தப் படங்களுக்காகப் புரதத்தை வழக்கமாகச் சவ்விலிருந்து சோப்புப் போன்ற ஒரு பொருளால் பிரித்தெடுத்து, சுத்தம் செய்து, உறைய வைக்கிறார்கள். ஆளின் முகம் மிகத் தெளிவாகக் கிடைக்கிறது. அவர் எந்தத் தெருவில், யாரோடு, எத்தனை பேராக நின்றார் என்பது கிடைப்பதில்லை. அதைச் செல்லிலேயே பார்க்கப் புரதத்தில் ஒட்டும் ஒளிரும் சாயங்கள் வேண்டும். இரண்டும் வேண்டியவைதான், ஒன்றுக்குப் பதில் மற்றொன்று என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

200 நானோமீட்டர் எல்லையை எப்படித் தாண்டினார்கள்?

அபேயின் விதியை யாரும் பொய்யாக்கவில்லை. எல்லாச் சாயமும் ஒரே நேரத்தில் ஒளிரும்போதுதான் அது நம்மைக் கட்டுப்படுத்துகிறது. பக்கத்துப் பக்கத்து மூலக்கூறுகளை வெவ்வேறு நேரத்தில் ஒளிர வைத்தால் வழி பிறக்கும். இந்த ஒரு யோசனையிலிருந்துதான் இரண்டு முறைகளும் கிளைத்தன.

முதலாவது ஸ்டெட். ஸ்டெஃபான் ஹெல் 1994-ல் இதைக் கோட்பாடாக வெளியிட்டார், 2000-ல் செய்து காட்டினார். ஒரு லேசர் சாயத்தை ஒளிரச் செய்யும். அதைச் சுற்றி உளுந்து வடை வடிவத்தில் விழும் இன்னொரு லேசர், நடுத்துளையைத் தவிர மற்ற இடத்திலெல்லாம் ஒளிர்வை அணைத்துவிடும். மிஞ்சுவது மிகச் சிறிய நடுப்பகுதி. அதை நகர்த்திக்கொண்டே போனால் படம் வந்துவிடும்.

இரண்டாவது பாம், ஸ்டார்ம் குடும்பம். திருக்கார்த்திகை இரவில் மொட்டை மாடியில் நின்று தூரத்து வீட்டைப் பாருங்கள். மதில் முழுக்க அகல் வரிசை இருந்தாலும் இங்கிருந்து ஒரே வெளிச்சக் கோடாகத்தான் தெரியும். ஒரு நேரத்தில் ஒரு விளக்கு மட்டும் எரிந்தால்? அதன் வெளிச்சமும் கலங்கலாகத்தான் தெரியும், ஆனால் அந்தக் கலங்கலின் நடு எது என்று குறித்துவிடலாம். அதை அணைத்து அடுத்ததை ஏற்றிக் குறித்துக்கொண்டே போனால், கடைசியில் கோலப் புள்ளிகள் போல எல்லா அகல்களின் இடமும் தாளில் வந்துவிடும். செல்லிலும் இதையேதான் செய்கிறோம். ஒவ்வொரு படச் சட்டத்திலும் சில மூலக்கூறுகள் மட்டும் ஒளிரும். இப்படிப் பத்தாயிரம், இருபதாயிரம் சட்டங்கள் எடுத்து, நடுப்புள்ளிகளைக் கணினி சேர்த்துத் தரும். ஒரு மூலக்கூறிலிருந்து எவ்வளவு ஃபோட்டான் கிடைக்கிறதோ அவ்வளவு துல்லியம். நூறு மடங்கு ஃபோட்டான் கிடைத்தால் துல்லியம் பத்து மடங்கு கூடும்.

பாம் முறையின் முதல் கருவியை எரிக் பெட்சிக்கும் ஹாரால்ட் ஹெஸ்ஸும் கலிஃபோர்னியாவின் லா ஹோயாவில், ஹெஸ்ஸின் வீட்டு வரவேற்பறையில் வைத்துக் கட்டினார்கள். 2006-ல் வந்த அவர்களது கட்டுரையில் காட்டிய புரதங்களில் ஒன்று சிடி63, செல்லின் கழிவைச் செரிக்கும் பையான லைசோசோமின் சவ்வில் இருப்பது. நம் துறைக்காரர்களுக்கு அதில் எனக்கிருக்கும் அதே சந்தோஷம் இருக்கும் என்று நம்புகிறேன். அதே ஆண்டு ஹார்வர்டில் ஷியாவ்வெய் சுவாங் குழு ஸ்டார்ம் முறையை வெளியிட்டது. 2014-ன் வேதியியல் நோபல் பரிசு பெட்சிக், ஹெல், டபிள்யூ. ஈ. மோர்னர் மூவருக்கும் போனது. ஒற்றை மூலக்கூறை ஒளியால் கண்டறிய முடியும் என்று 1989-ல் காட்டியவர் மோர்னர்.

எந்த முறையில் எத்தனை நானோமீட்டர் வரை பார்க்கலாம்?

கோடுகளை ஒளியாக விழவைத்துக் கணக்கிடும் சிம் முறையில் சுமார் 100. ஸ்டெட்டில் செல்களுக்குள் வழக்கமாக 30 முதல் 50. பாம், ஸ்டார்மில் 20 அல்லது அதற்குச் சற்றுக் கீழே. ஹெல் குழுவின் மின்ஃப்ளக்ஸ் ஒரு மூலக்கூறின் இடத்தை 1 முதல் 3 நானோமீட்டர் துல்லியத்தில் சொல்கிறது. ஒரு மூலக்கூறை எவ்வளவு துல்லியமாகக் குறிக்கிறோம் என்பது வேறு, இரண்டைப் பிரித்துப் பார்க்கிறோமா என்பது வேறு. புரதங்களில் பாதிக்குச் சாயமே ஒட்டாமல் போயிருந்தால், துல்லியம் 5 நானோமீட்டராக இருந்தும் படம் ஓட்டை ஓட்டையாகத்தான் வரும்.

டர்ஃப் என்று ஒன்று சொல்கிறார்களே, அது எதற்கு?

பிளஸ் டூ இயற்பியலில் வந்த முழு அக எதிரொளிப்பு நினைவிருக்கிறதா? லேசரை மிகச் சாய்வாகக் கண்ணாடிக்குள் விட்டால் அது முழுக்கத் திரும்பிப் போய்விடும், ஆனால் கண்ணாடியின் மறுபக்கத்தில் 100, 200 நானோமீட்டர் ஆழம் வரை மட்டும் ஒரு மெல்லிய ஒளி கசியும். செல்லின் அடிச்சவ்வு சரியாக அந்த இடத்தில்தான் இருக்கிறது. உள்ளே இருக்கும் சாயமெல்லாம் இருட்டில் நிற்க, சவ்வு மட்டும் ஒளிரும். டேனியல் ஆக்சல்ராட் 1981-ல் இதைச் செல்களில் செய்து காட்டினார். இன்று சவ்வு ஆய்வில் பாம், ஸ்டார்ம் செய்பவர்கள் பெரும்பாலும் டர்ஃப் ஒளியில்தான் செய்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. இதில் தெரிவது கண்ணாடியில் ஒட்டிய பக்கம் மட்டுமே, கண்ணாடியும் சும்மா இருப்பதில்லை. செல்லை ஒட்ட வைக்க பாலிலைசின் பூசுவது எல்லா ஆய்வகத்திலும் வழக்கம். ஓய்வில் இருக்க வேண்டிய டி செல்களை (நோய் எதிர்ப்புச் செல்களில் ஒரு வகை) அந்தப் பூச்சே தூண்டிவிடுகிறது என்று 2018-ல் ஒரு கட்டுரை வந்தது. ஓய்வு நிலை என்று நினைத்து எடுத்த படங்களில் எத்தனை உண்மையில் ஓய்வு நிலை என்று அப்போது பலர் திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தது.

புரதங்கள் சவ்வில் ஓடிக்கொண்டே இருக்குமா?

இருக்கும். 1970-ல் ஃப்ரையும் எடிடினும் ஓர் எலிச் செல்லையும் ஒரு மனிதச் செல்லையும் ஒன்றாக இணைத்தார்கள். எலிப் புரதத்துக்கு ஒரு நிறம், மனிதப் புரதத்துக்கு ஒரு நிறம். ஆரம்பத்தில் ஆளுக்குப் பாதியாக இருந்தது, 37 டிகிரியில் 40 நிமிடத்தில் முழுக்கக் கலந்துவிட்டது. இரண்டு ஆண்டு கழித்து சிங்கரும் நிக்கல்சனும் சொன்ன, சவ்வைப் புரதங்கள் மிதக்கும் திரவமாகப் பார்க்கும் பாய்ம மொசைக் மாதிரிக்கு இது பெரிய துணையாக இருந்தது.

ஆனால் செல் சவ்வில் மூலக்கூறுகள் செயற்கைச் சவ்வில் நகர்வதைவிட மிக மெதுவாக நகர்வது ஏன் என்பது வெகுநாள் புதிராக இருந்தது. ஜப்பானில் அகிஹிரோ குசுமியின் குழு சவ்வின் கொழுப்பு மூலக்கூறான லிப்பிட் ஒன்றின் மேல் 40 நானோமீட்டர் தங்கத் துகளை ஒட்டி, 25 மைக்ரோ வினாடிக்கு ஒரு சட்டம் என்ற வேகத்தில், அதாவது வினாடிக்கு 40,000 சட்டங்கள், படம் பிடித்தது. 2002-ல் வந்த அந்த முடிவு எனக்கு இன்னும் வியப்புத்தான். மூலக்கூறு மெதுவாகவே ஓடவில்லை! சுமார் 230 நானோமீட்டர் அகலக் கட்டம் ஒன்றுக்குள் வேகமாகச் சுற்றுகிறது, சராசரியாக 11 மில்லி வினாடிக்கு ஒருமுறை அடுத்த கட்டத்துக்குத் தாவுகிறது. சவ்வுக்கு அடியில் இருக்கும் ஆக்டின் என்ற புரத இழைகளின் வலையும் அதில் கட்டுண்ட புரதங்களும்தான் வேலி. வழக்கமான வீடியோ வேகத்தில் பார்த்தால் தாவல்கள் எல்லாம் கலந்து மெதுவான நகர்வாகத் தெரிந்திருக்கும். தெளிவு என்றால் இடத்தில் மட்டும் என்று நினைக்கிறோம். காலத்திலும் தெளிவு வேண்டும்.

என் படத்தில் புரதங்கள் கொத்துக் கொத்தாகத் தெரிகின்றன. நம்பலாமா?

உடனே நம்பாதீர்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ஸ்டார்ம், பாம் சாயங்கள் ஒருமுறை ஒளிர்ந்து அணைந்து போய்விடுவதில்லை. பல தடவை கண் சிமிட்டும். ஒவ்வொரு சிமிட்டலையும் மென்பொருள் ஒரு புதிய புள்ளியாக எழுதும். எல்லாப் புள்ளிகளும் ஒரே இடத்தில் விழாது, 10, 20 நானோமீட்டர் சிதறி விழும். அப்படியானால் ஒரே ஒரு புரதம் படத்தில் எட்டுப் பத்துப் புரதங்களின் அழகான கொத்தாகத் தெரியும். சாயத்தைப் புரதத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க அதன் மேல் ஆன்டிபாடி (குறிப்பிட்ட புரதத்தை மட்டும் பிடிக்கும் எதிர்ப்புப் புரதம்) ஒட்டியிருந்தால் இன்னும் மோசம், ஏனென்றால் ஒரு ஆன்டிபாடியிலேயே நாலைந்து சாயம் இருக்கும்.

இது எனக்கே நடந்தது. நான் சேர்ந்த முதல் ஆண்டில் ஒரு ஏற்பி 30, 40 நானோமீட்டர் கொத்துகளாக நிற்பதாகப் படம் கிடைத்தது. புள்ளிவிவரச் சோதனை எல்லாம் கொத்து என்றே சொன்னது. குழுக் கூட்டத்திலும் காட்டிவிட்டேன். அப்போது மூத்த சக ஆய்வாளர் ஒருவர், "செல்லே இல்லாமல் வெறும் கண்ணாடியில் அந்த ஆன்டிபாடியை மிகக் குறைவாகத் தூவிப் பாருங்கள்" என்றார். மறுநாள் பார்த்தேன். வெறும் கண்ணாடியிலும் அதே அகலத்தில் அதே கொத்துகள். நான்கு மாத வேலையைத் திரும்பச் செய்ய வேண்டியதாயிற்று. அந்த ஒரு சோதனையை முதல் வாரத்திலேயே செய்திருக்கலாம் என்ற வருத்தம் இன்றும் உண்டு.

பெரிய அளவிலும் இது நடந்திருக்கிறது. தூண்டப்படாத டி செல்லின் ஏற்பிகள் சவ்வில் தீவுகள் போலக் கூட்டமாக நிற்கின்றன என்று 2010-ல் வந்த முடிவு பலரால் ஏற்கப்பட்டது. கண் சிமிட்டலைக் கவனமாகக் கழித்துப் பார்த்த வியன்னா குழு ஒன்று 2018-ல், தாங்கள் பார்த்த டி செல்களில் அவை தாறுமாறாகவே பரவியிருக்கின்றன, கொத்து ஏதும் இல்லை என்றது. அந்த விவாதம் முடிந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. ஆனால் கொத்து என்று சொல்பவர் இப்போது அதை நிரூபிக்க முன்பைவிட அதிகம் உழைக்க வேண்டியிருக்கிறது, அது நல்லதுதான்.

என்ன செய்யலாம்? கண்ணாடியில் தனிச் சாயத்தின் அளவை எடுங்கள். கொத்தாகவே நிற்காது என்று தெரிந்த ஒரு புரதத்தையும் அதே சாயத்தில், அதே நாளில் எடுங்கள். ஆன்டிபாடியின் அடர்வை மாற்றிப் பாருங்கள்: உண்மையான கொத்துகள் என்றால் சாயம் கூடக்கூடக் கொத்துக்குள் புள்ளிகள் நிறையும், சிமிட்டல் கொத்துகள் என்றால் கொத்தின் எண்ணிக்கை மட்டுமே கூடும். இந்த மூன்றும் இல்லாத கொத்துப் படத்தை நான் இப்போது நம்புவதில்லை.

ஃபார்மால்டிஹைட் போட்டுச் செல்லை நிலைநிறுத்திவிட்டேன். புரதம் இனி நகராதுதானே?

நகரும். பலருக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். வெறும் ஃபார்மால்டிஹைட் போட்ட பிறகும் பல சவ்வு மூலக்கூறுகள் நகர்ந்துகொண்டே இருப்பதை 2010-ல் குசுமி குழுவினர் காட்டினார்கள். கொழுப்பு நங்கூரம் மட்டுமே கொண்டு சவ்வில் தொங்கும் ஜிபிஐ புரதங்கள் இதில் மோசம். அப்படி நகரும் புரதத்தின் மேல் ஆன்டிபாடி போட்டால், அதற்கு இரண்டு கை இருக்கிறது, இரண்டு புரதத்தைப் பிடித்து இழுத்துச் சேர்த்துவிடும். முதல் ஆன்டிபாடியைப் பிடிக்கப் போடும், சாயம் ஏந்திய இரண்டாம் ஆன்டிபாடி இன்னும் சேர்க்கும். கொத்தை நீங்களே செய்துவிட்டுக் கொத்தைக் கண்டுபிடித்ததாக எழுதிவிடுவீர்கள். ஃபார்மால்டிஹைடோடு கொஞ்சம் குளூட்டரால்டிஹைட் சேர்த்தால் நகர்வு வெகுவாகக் குறையும். அதில் சில ஆன்டிபாடிகள் ஒட்டாமல் போகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஆன்டிபாடியா, ஜிஎஃப்பியா, நானோபாடியா?

ஆன்டிபாடியின் எடை 150 கிலோடால்டன் (மூலக்கூறு எடையின் அலகு), நீளம் 10 நானோமீட்டருக்கு மேல். முதல், இரண்டாம் ஆன்டிபாடி இரண்டையும் அடுக்கினால் சாயம் புரதத்திலிருந்து 20 நானோமீட்டருக்கும் அப்பால் போய் உட்காரலாம். கருவியின் துல்லியம் அதைவிட நன்றாக இருந்து என்ன பயன்? ஒட்டகக் குடும்பத்தின் ஆன்டிபாடிகளிலிருந்து வந்த நானோபாடி 15 கிலோடால்டன்தான், ஒரு கைதான். கிடைக்கும் இடத்திலெல்லாம் அதைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன்.

தானே ஒளிரும் ஜிஎஃப்பி வகைப் புரதங்கள் 27 கிலோடால்டன், மரபணுவிலேயே ஒட்டிவிடலாம், ஒரு புரதத்துக்கு ஒரு ஒளிர்வு என்ற கணக்கு நேராக இருக்கும். ஆனால் புரதம் பழையபடி வேலை செய்கிறதா என்று தனியாகச் சோதிக்க வேண்டும். வெளியிலிருந்து மரபணுவை ஏற்றி அளவுக்கு மீறி உற்பத்தி செய்தால் சவ்வே நெரிசலாகிவிடும். முடிந்தால் மரபணுவைத் திருத்தும் கிரிஸ்பர் முறையில் செல்லின் சொந்த மரபணுவிலேயே ஒட்டுங்கள்.

இந்தியாவில் இந்தத் துறையில் என்ன நடந்திருக்கிறது?

பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சத்யஜித் மேயர் குழு செய்ததை அவசியம் படிக்க வேண்டும். 10 நானோமீட்டருக்குள் இருக்கும் இரண்டு சாயங்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஆற்றலைக் கடத்தும், அதற்கு ஃப்ரெட் என்று பெயர். ஒரே சாயத்துக்குள் நடக்கும் கடத்தலை ஒளியின் முனைவாக்கத்தை வைத்து அளந்தார்கள். 1998-லேயே ஜிபிஐ புரதங்கள் மிக நெருக்கமாகச் சேர்ந்து நிற்பதைக் காட்டினார்கள். 2004-ல், அவற்றில் 20 முதல் 40 சதவீதம் அதிகபட்சம் நான்கு மூலக்கூறுகள் கொண்ட சின்னச் சின்னக் கொத்துகளாக இருக்கின்றன, மற்றவை தனித்தனியாக இருக்கின்றன என்றார்கள். பாம், ஸ்டார்ம் வருவதற்கு முன்பே, உயிருள்ள செல்லில் செய்த வேலை இது. அந்தக் கொத்துகளைச் சேர்த்துப் பிடிப்பதில் அடியில் இருக்கும் ஆக்டினுக்குப் பங்கு உண்டு என்பதையும் பின்னால் காட்டினார்கள்.

நோயாளிக்கு இதனால் நேரடியாக ஏதாவது பயன் உண்டா?

உண்டு, எனக்குப் பிடித்த உதாரணம் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரிலிருந்து 2019-ல் வந்தது. மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோயில், சிடி19 என்ற சவ்வுப் புரதத்தைக் குறிவைக்கும் கார்-டி செல் சிகிச்சை, அதாவது டி செல்களை மாற்றியமைத்துப் புற்றைக் கொல்ல அனுப்புவது, சிலருக்குப் பலித்தது. செல்களை ஒவ்வொன்றாக லேசர் முன் ஓடவிட்டு ஒளிர்வை அளக்கும் வழக்கமான ஃப்ளோ சைட்டோமெட்ரி பரிசோதனையிலோ அந்தப் புற்றுச் செல்களில் சிடி19 பெரும்பாலும் இல்லை என்று வந்தது. இல்லாததை மருந்து எப்படிப் பிடித்தது? ஸ்டார்ம் வகை நுண்ணோக்கியில் ஒவ்வொரு மூலக்கூறாகப் பார்த்தபோது 14 நோயாளிகளில் 10 பேரிடம் சிடி19 இருந்தது. ஃப்ளோ சைட்டோமெட்ரி 5 பேரிடம் மட்டுமே, அதுவும் மிகச் சில செல்களில், காட்டியிருந்தது. ஒரு செல்லில் 100-க்கும் குறைவான சிடி19 இருந்தாலே கார்-டி செல்கள் அதைக் கொன்றுவிடுகின்றன என்றும் தெரிந்தது. பழைய பரிசோதனையின் கண்ணுக்கு எட்டாத எண்ணிக்கை அது.

எங்கள் கல்லூரியில் இவ்வளவு விலையுள்ள கருவி இல்லை. ஏதாவது செய்ய முடியுமா?

முடியும். கருவியைப் பெரிதாக்காமல் செல்லையே பெரிதாக்கும் முறை ஒன்று 2015-ல் எம்ஐடியில் எட் பாய்டன் குழுவிலிருந்து வந்தது. குழந்தைகளின் டயபரில் இருக்கும் நீர் உறிஞ்சும் பாலிமர் வகையைச் செல்லுக்குள் உருவாக்கித் தண்ணீர் விட்டால் எல்லாத் திசையிலும் நான்கு மடங்குக்கு மேல் உப்பும். அப்புறம் சாதாரண கான்ஃபோகல் லேசர் நுண்ணோக்கி போதும், 70 நானோமீட்டர் அளவு கிடைக்கும். ஒன்றை மறக்காதீர்கள்: வழக்கமான செய்முறையில் சவ்வின் லிப்பிட்டுகள் சோப்பில் கரைந்து போய்விடும், ஒட்டிய சாயம் மட்டுமே மிஞ்சும்.

தரவைப் பகுக்கக் கற்கவும் கருவி தேவையில்லை. படங்களைப் பகுக்கும் மென்பொருள் ஃபிஜி, அதில் ஓடும் தண்டர்ஸ்டார்ம் இரண்டும் இலவசம். பிறர் பொதுவில் வைத்திருக்கும் சட்டங்களை எடுத்துப் பழகலாம்.

என் நுண்ணோக்கி சரியாக வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் சின்ன விஷயங்கள். கவர் கிளாஸ் 0.17 மில்லிமீட்டர் தடிமன்தானா என்று பாருங்கள். குளுக்கோஸ் ஆக்சிடேஸ் கலந்த ஸ்டார்ம் கரைசலை அன்றன்றைக்குக் கலக்குங்கள், ஏனென்றால் நேரம் ஆக ஆக அதில் அமிலம் சேர்ந்து சாயம் சிமிட்டுவது கெட்டுப்போகும். மேடை நகர்வதைத் திருத்த ஒளிரும் மணிகளையோ தங்கத் துகளையோ போடுங்கள்.

அப்புறம் விடை தெரிந்த ஒன்றைப் படம் எடுங்கள். செல்லின் உட்கருச் சவ்வில் இருக்கும் துளைகளில் நப்96 என்ற புரதம் இருக்கிறது. ஒரு துளைக்குச் சரியாக 32 பிரதிகள். மேலிருந்து பார்த்தால் சுமார் 107 நானோமீட்டர் விட்டமுள்ள வளையத்தில் எட்டு மூலைகளாக, மூலைக்கு நான்காக நிற்கும். ஹைடல்பெர்கில் ஒரு குழு இந்தப் புரதத்தில் சாயம் ஒட்ட ஏற்ற செல் வகைகளை உருவாக்கி 2019-ல் வெளியிட்டது. எட்டு மூலைகளும் பிரிந்து தெரிந்தால் தெளிவு சரி. எத்தனை மூலை விடுபட்டது என்று எண்ணினால் உங்கள் சாயம் எத்தனை சதவீதப் புரதத்தில் ஒட்டியது என்பதும் வந்துவிடும். கருவியைத் திறக்கும் ஒவ்வொரு நாளும் இதில்தான் நான் ஆரம்பிக்கிறேன். மூலைகள் தெரியாத நாளில் என் ஏற்பியைத் தொடுவதில்லை. ஆப்ஜெக்டிவ் லென்ஸைத் துடைத்து, கரைசலைப் புதிதாகக் கலந்து, மறுபடி உட்கருத் துளைக்கே போகிறேன்.